ராப்25 புரதத்தைப் புற்றுநோய் பயோமார்க்கராக ஆராய்வது எப்படி: புதிதாகத் தொடங்குவோருக்கான வழிகாட்டி

சவ்வுப் போக்குவரத்துப் புரதங்களைப் புற்றுநோயோடு சேர்த்துப் படிக்கத் தொடங்கும் மாணவர் எவரும் சீக்கிரமே ராப்25 என்ற பெயரைச் சந்திப்பார். சந்தித்த சில நாள்களிலேயே ஒரு முரண்பாட்டின் முன் நிற்பார். 2004-ஆம் ஆண்டு நேச்சர் மெடிசின் இதழில் வெளியான ஆய்வு, சினைப்பை, மார்பகப் புற்றுநோய்களில் ஏறக்குறையப் பாதியில் முதல் குரோமோசோமின் நீண்ட கரத்திலுள்ள 1க்யூ22 பகுதி பெருகியிருப்பதையும், அந்தப் பெருக்கத்தின் மையத்தில் ராப்25 மரபணு இருப்பதையும், அது கூடியிருந்த நோயாளிகளின் உயிர்வாழ்வுக் காலம் குறைந்திருப்பதையும் காட்டியது. ஆறு ஆண்டுகள் கழித்து, 2010-இல், ஜர்னல் ஆஃப் கிளினிக்கல் இன்வெஸ்டிகேஷன் இதழில் வந்த மற்றோர் ஆய்வு, பெருங்குடல் புற்றுநோயில் இதே புரதம் குறைந்திருப்பதையும், எவருடைய கட்டியில் அது மிகக் குறைவாக இருந்ததோ அவர்களே சீக்கிரம் இறந்ததையும் காட்டியது. இரண்டும் கவனமாகச் செய்யப்பட்ட ஆய்வுகள்; ஒன்றை நம்பி மற்றொன்றைத் தள்ளிவிட முடியாது.

ஒரே புரதம் ஓரிடத்தில் கூடுவதும் மற்றோரிடத்தில் குறைவதும் தீய அறிகுறியாவது எப்படி என்பதைப் புரிந்துகொள்ளாமல் ராப்25-ஐ பயோமார்க்கராக, அதாவது நோயின் நிலையைக் காட்டும் அளவிடக்கூடிய அடையாளமாக, முன்வைக்கும் எந்த ஆய்வும் நிலைக்காது. எந்தத் திசுவில், எதை அளந்து, எதோடு ஒப்பிட்டு, எந்தக் கேள்விக்கு விடை தேடுகிறோம் என்ற நான்கையும் சொல்லாத வரை 'ராப்25 ஒரு பயோமார்க்கர்' என்ற வாக்கியத்துக்குப் பொருள் இல்லை. அந்த நான்கையும் வரிசையாகத் தீர்த்துக்கொள்ளும் வழியை, முதுகலை ஆய்வேட்டையோ முனைவர் பட்ட ஆய்வின் முதல் ஆண்டையோ தொடங்கும் ஒருவரை மனத்தில் வைத்து, இங்கே எழுதுகிறேன்.

முதல் படி: புரதத்தின் அன்றாட வேலையைத் தெரிந்துகொள்ளுங்கள்

புற்றுநோயைப் பற்றிப் படிப்பதற்கு முன், நலமான செல்லில் இந்தப் புரதம் என்ன செய்கிறது என்பதைப் படியுங்கள். அவசரத்தில் பலரும் தாண்டிச் செல்லும் படி இது. பின்னால் வரும் குழப்பங்களில் பெரும்பாலானவை இங்கேதான் தொடங்குகின்றன.

செல்லின் வெளிச்சவ்வில் பதிந்திருக்கும் ஏற்பிகளும் ஒட்டுப் புரதங்களும் நிலையாக அங்கேயே இருப்பதில்லை. சவ்வின் ஒரு பகுதி உள்நோக்கிக் குழிந்து நுண்குமிழியாகப் பிரியும்போது அவையும் உள்ளே செல்கின்றன. எண்டோசோம் என்னும் அறைகளை அடைந்ததும், அஞ்சல் நிலையத்தின் பிரிப்பு மேசையில் நடப்பதுபோல, சில சரக்குகள் சிதைப்பதற்காக லைசோசோமுக்கும் சில மறுபடியும் வெளிச்சவ்வுக்கும் அனுப்பப்படுகின்றன. நுண்குமிழிப் போக்குவரத்தின் இயந்திரத்தைக் கண்டறிந்ததற்காக ஜேம்ஸ் ராத்மேன், ராண்டி ஷெக்மேன், தாமஸ் சுடோஃப் ஆகியோருக்கு 2013-ஆம் ஆண்டு மருத்துவத்துக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது. எந்தக் குமிழி எந்தச் சவ்வோடு சேர வேண்டும் என்பதை நெறிப்படுத்துவோரில் முக்கியமானவை ராப் குடும்பப் புரதங்கள். மனிதரில் அவை அறுபதுக்கும் மேற்பட்டவை.

ராப் புரதங்கள் குவனோசின் டிரைபாஸ்பேட்டைப் பிடித்திருக்கும்போது இயங்கும் நிலையிலும், அது குவனோசின் டைபாஸ்பேட்டாக உடைந்த பின் ஓய்வு நிலையிலும் இருக்கின்றன. அந்த உடைப்புக்கு உதவும் இடத்தில் பெரும்பாலான ராப் புரதங்களில் குளூட்டமின் என்ற அமினோ அமிலம் இருக்க, ராப்25-இல் மட்டும் லியூசின் இருக்கிறது. இதை மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். ராஸ் என்ற உறவுப் புரதத்தில் 61-ஆவது இடத்துக் குளூட்டமின் லியூசினாக மாறினால் அது ஓயாமல் இயங்கிப் புற்றுநோயைத் தூண்டுவது நன்கு அறியப்பட்ட செய்தி. ராப்25 பிறப்பிலேயே அப்படிப்பட்ட ஓர் எழுத்தைக் கொண்டிருக்கிறது. ஆகவே அதன் அளவு கூடினாலே இயக்கமும் கூடக்கூடும் என்று எதிர்பார்க்க இடமிருக்கிறது. ஒரு திடீர்மாற்றத்தைத் தேடாமல் அளவையே பயோமார்க்கராகக் கொள்வதில் ஓரளவு நியாயம் இருப்பது இதனால்தான்.

இன்னொரு பண்பு, நடைமுறையில் இதைவிட முக்கியமானது. ராப்11ஏ, ராப்11பி ஆகியவற்றின் நெருங்கிய உறவான ராப்25, அவற்றைப் போல எல்லாச் செல்களிலும் காணப்படுவதில்லை. குடல், மார்பகச் சுரப்பி, சிறுநீரகம் போன்ற உறுப்புகளின் உட்புறத்தை மூடும் எபிதீலிய செல்களில்தான் பெரிதும் காணப்படுகிறது. அங்கே அது செல்லின் மேற்பக்கத்துக்கு அருகிலுள்ள மறுசுழற்சி எண்டோசோமில் அமர்ந்து, எந்தச் சரக்கு மேற்பக்கத்துக்கு, எது பக்கவாட்டுக்கு என்ற ஒழுங்கைக் காக்கிறது. இணைப்புத் திசுவிலும் நிணநீர்ச் செல்களிலும் அது ஏறக்குறைய இல்லை. மூன்றாம் படியில் இதற்கு மறுபடியும் வருவோம்.

சினைப்பைப் புற்றுநோய்க் கதையில் ராப்25 சுமக்கும் சரக்கு ஆல்ஃபா5 பீட்டா1 இன்டெக்ரின் என்ற ஒட்டுப் புரதம். ஃபைப்ரோனெக்டின் இழைகளைப் பற்றிக்கொண்டு செல் முன்னேறுவதற்கு இது தேவை. ராப்25 இந்த இன்டெக்ரினின் பீட்டா1 வாலோடு நேரடியாகப் பிணைந்து, நகரும் செல்லின் முன்முனையிலேயே அதைச் சுழலவிடுகிறது என்பதை 2007-இல் ஜிம் நார்மனின் குழு காட்டியது. 2012-இல் அதே குழு இன்னொரு அடுக்கைத் திறந்தது: ராப்25 இயங்கும் நிலையிலுள்ள இன்டெக்ரினை லைசோசோம் வரை கொண்டுசென்று விடுகிறது, அங்கே கிளிக்3 என்ற புரதம் இருந்தால் மட்டுமே அது சிதையாமல் மீண்டு வெளிச்சவ்வை அடைகிறது. கூட்டாளி இருக்கும் செல்லில் ஊடுருவலுக்குத் துணை, கூட்டாளி இல்லாத செல்லில் சரக்கு லைசோசோமோடு முடிந்துபோகக்கூடும். தொடக்கத்தில் சொன்ன முரண்பாட்டை முழுமையாக அல்லாவிட்டாலும் கணிசமாக விளக்கும் வழி இது என்பது என் கணிப்பு.

இரண்டாம் படி: எந்த வகைக் கேள்வி என்று எழுதி வையுங்கள்

பயோமார்க்கர் என்ற ஒரு சொல்லுக்குள் குறைந்தது மூன்று வேறுபட்ட வேலைகள் இருக்கின்றன. நோய் இருக்கிறதா என்று சொல்வது நோயறி பயோமார்க்கர். சிகிச்சை எதுவாயினும் நோய் எப்படிப் போகும் என்று சொல்வது நோய்ப்போக்கு பயோமார்க்கர். குறிப்பிட்ட மருந்துக்கு இந்த நோயாளி பலனடைவாரா என்று சொல்வது சிகிச்சைத் தேர்வு பயோமார்க்கர். மார்பகப் புற்றுநோயில் ஹெர்2 என்ற ஏற்பிப் புரதம் மூன்றாம் வகையில் சிறந்த எடுத்துக்காட்டு. 1998-இல் டிராஸ்டுசுமாப் மருந்து அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றதிலிருந்து ஹெர்2 பரிசோதனை அந்த மருந்தைத் தொடங்கும் முடிவோடு நேரடியாகக் கட்டுண்டிருக்கிறது. ராப்25-க்கு இன்றுள்ள சான்றுகளில் பெரும்பகுதி இரண்டாம் வகையைச் சேர்ந்தது. மருத்துவமனையில் வழக்கமான பரிசோதனையாக அது இடம்பெறவில்லை. உங்கள் ஆய்வு எந்த வகை என்பதை முன்மொழிவின் முதல் பக்கத்தில் ஒரே வாக்கியமாக எழுதுங்கள்.

வகை மாறினால் தேவைப்படும் சான்றின் தரமும் மாறும். நோயறி பயோமார்க்கராக, அதுவும் நலமானவர்களிடையே முன்கூட்டியே கண்டறிய, ஒரு புரதத்தை முன்வைக்க நினைப்பவர் பின்வரும் கணக்கை ஒருமுறை கையால் போட்டுப் பார்க்க வேண்டும். ஒரு லட்சம் பெண்களில் 40 பேருக்குச் சினைப்பைப் புற்றுநோய் இருப்பதாகக் கொள்வோம். நோயுள்ளவர்களில் 90 சதவீதத்தினரைப் பிடித்து, நோயில்லாதவர்களில் 95 சதவீதத்தினரைச் சரியாக விடுவிக்கும் ஒரு பரிசோதனை, கேட்பதற்கு மிக நல்ல பரிசோதனை, 36 பேரைச் சரியாகக் கண்டுபிடிக்கும். அதோடு நோயற்ற 99,960 பேரில் 4,998 பேரையும் நோயாளிகள் என்று சொல்லும். அறிகுறி உண்டு என்று சொல்லப்பட்ட 5,034 பேரில் உண்மை நோயாளிகள் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. இது ஏட்டுக் கணக்கோடு நிற்பதில்லை. பிரிட்டனில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களைச் சேர்த்து, சிஏ-125 இரத்தப் பரிசோதனையையும் அல்ட்ராசவுண்டையும் கொண்டு நடத்தப்பட்ட நீண்ட கால ஆய்வின் இறுதி முடிவு 2021-இல் வெளியானபோது, சினைப்பைப் புற்றுநோய் இறப்புகள் குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை என்றே தெரிந்தது. பல பத்தாண்டுகளாகப் பயன்பாட்டில் உள்ள ஒரு குறியீட்டுக்கே இந்த நிலை என்றால், புதிய புரதம் ஒன்றைப் பற்றி எவ்வளவு அடக்கமாகப் பேச வேண்டும் என்பது விளங்கும்.

மூன்றாம் படி: பொதுத் தரவுகளைத் திறந்து பாருங்கள்

செலவில்லாமல் ஒரு கணினியில் செய்யக்கூடிய பகுதி இது. யூனிப்ராட் தளத்தில் பி57735 என்ற எண்ணில் மனித ராப்25-இன் பதிவு இருக்கிறது; 213 அமினோ அமிலங்களின் வரிசையையும், சவ்வில் ஊன்றிக்கொள்ள உதவும் கொழுப்புத் தொடர் இணையும் முனையையும் அங்கே பார்க்கலாம். அடுத்து ஹியூமன் புரோட்டீன் அட்லஸ் தளத்தில், எந்தெந்த நலமான திசுக்களில் இப்புரதம் சாயம் பிடிக்கிறது என்ற படங்களைப் பாருங்கள். பிறகு டிசிஜிஏ (தி கேன்சர் ஜீனோம் அட்லஸ்) என்ற புற்றுநோய் மரபணுத் தரவுத் திட்டத்தின் தரவுகளுக்குச் செல்லுங்கள். 33 வகைப் புற்றுநோய்களின் மரபணு நகல் எண்ணிக்கை, ஆர்.என்.ஏ. அளவு, நோயாளியின் உயிர்வாழ்வு ஆகிய மூன்றையும் சிபயோபோர்ட்டல் தளத்தின் வழியாக எவரும் பார்க்க முடியும்.

இங்கே இரண்டு பொறிகள் உள்ளன. முதலாவது 1க்யூ பகுதியைப் பற்றியது. மார்பகப் புற்றுநோயில் முதல் குரோமோசோமின் நீண்ட கரம் முழுவதுமாகக் கூடுவது மிகப் பரவலான நிகழ்வு. அப்போது ராப்25 மட்டுமல்ல, அதே கரத்திலுள்ள நூற்றுக்கணக்கான மரபணுக்களும் சேர்ந்தே கூடுகின்றன. ஆகவே ராப்25-இன் நகல் எண்ணிக்கை கூடியிருப்பதாலேயே அதுதான் நோயை ஓட்டுகிறது என்று முடிவு செய்யக் கூடாது. 2004-ஆம் ஆண்டு ஆய்வு இந்தக் கேள்வியை எதிர்கொண்ட விதம் கற்கத்தக்கது: பெருகிய பகுதிக்குள் இருந்த மற்ற மரபணுக்களோடு ஒப்பிட்டு, மூன்றாம், நான்காம் நிலையிலுள்ள, சீரஸ் என்ற வகையைச் சேர்ந்த சினைப்பைக் கட்டிகளில் ராப்25-இன் ஆர்.என்.ஏ. தனித்து உயர்ந்திருப்பதை அது காட்டியது. நீங்களும் நகல் எண்ணிக்கையோடு நிற்காமல், அண்டை மரபணுக்களின் ஆர்.என்.ஏ. அளவை அருகருகே வைத்துப் பாருங்கள்.

இரண்டாவது பொறி கண்ணுக்குத் தெரியாதது, அதனால்தான் ஆபத்தானது. டிசிஜிஏ மாதிரி ஒவ்வொன்றும் அரைக்கப்பட்ட ஒரு திசுத்துண்டு. அதில் புற்றுச் செல்கள் மட்டுமின்றி, நார்த்திசுச் செல்கள், இரத்தக் குழாய்கள், நோயெதிர்ப்புச் செல்கள் எல்லாம் கலந்திருக்கின்றன. இப்போது இரண்டு பெருங்குடல் கட்டிகளை எண்ணிப் பாருங்கள். இரண்டிலும் ஒவ்வொரு புற்றுச் செல்லும் ஒரே அளவு ராப்25-ஐ உருவாக்குகிறது. ஆனால் ஒன்றில் 80 சதவீதம் புற்றுச் செல்கள், மற்றொன்றில் 30 சதவீதம் மட்டுமே. ராப்25 எபிதீலிய செல்களில் மட்டுமே பெரிதும் இருப்பதால், இரண்டாம் கட்டியில் அது குறைந்திருப்பதாகத் தரவு காட்டும். நார்த்திசு மிகுந்த பெருங்குடல் கட்டிகளின் நோய்ப்போக்கு பொதுவாக மோசமானது என்பதும் தெரிந்ததே. அப்படியானால் 'ராப்25 குறைந்தோர் சீக்கிரம் இறந்தனர்' என்ற உங்கள் வரைபடம், உண்மையில் நார்த்திசுவின் அளவைத்தான் வேறு பெயரில் காட்டிக்கொண்டிருக்கலாம்.

இதைச் சோதிக்க எளிய வழி உண்டு. எப்கேம், இ-கேடெரின், கெரட்டின் போன்ற மற்ற எபிதீலிய மரபணுக்களின் ஆர்.என்.ஏ. அளவோடு ராப்25-இன் அளவை ஒரு சிதறல் வரைபடத்தில் போட்டுப் பாருங்கள். எல்லாம் ஒரே கோட்டில் ஏறி இறங்கினால், நீங்கள் அளப்பது ராப்25-ஐ அல்ல, எபிதீலியத்தின் பங்கை. அந்தக் கோட்டிலிருந்து ராப்25 விலகி நிற்கும் கட்டிகள் எவையோ அவைதான் உங்கள் கவனத்துக்கு உரியவை. தனிச்செல் ஆர்.என்.ஏ. தரவு கிடைக்கும் புற்றுநோயாக இருந்தால், புற்றுச் செல்களை மட்டும் பிரித்து ஒப்பிடலாம்; அது இன்னும் நேரடியான விடை.

நான்காம் படி: ஆன்டிபாடியை நம்புவதற்கு முன் சோதியுங்கள்

ஆர்.என்.ஏ. தரவில் கண்டதைத் திசுவில் உறுதிசெய்ய இம்யூனோஹிஸ்டோகெமிஸ்ட்ரி, அதாவது திசுச் சீவலில் ஒரு புரதத்தை மட்டும் சாயமேற்றிக் காணும் முறை, தேவை. அதற்கு அந்தப் புரதத்தை இனங்கண்டு பிடிக்கும் ஆன்டிபாடி தேவை. ராப்25-ஐப் பொறுத்தவரை இந்தப் படியில்தான் ஆய்வின் தலைவிதி தீர்மானமாகிறது என்று சொல்வேன். காரணம், ராப்11ஏ-வும் ராப்11பி-யும் வரிசையில் அதற்கு மிக நெருக்கமானவை. அவை எல்லாச் செல்களிலும் இருப்பவை. ஆன்டிபாடி அவற்றையும் பிடித்துவிட்டால், ஸ்லைடு முழுதும் பழுப்பேறி, எல்லாக் கட்டிகளிலும் ராப்25 இருப்பதாகவே தோன்றும்.

வாங்கும்போதே, எந்தத் துண்டுக்கு எதிராக அந்த ஆன்டிபாடி உருவாக்கப்பட்டது என்பதைத் தரவுத்தாளில் பாருங்கள். ராப் புரதங்கள் ஒன்றிலிருந்து ஒன்று மிகவும் வேறுபடுவது இறுதி முனைக்கு அருகிலுள்ள பகுதியில். அந்தப் பகுதிக்கு எதிரான ஆன்டிபாடி மற்றவற்றைவிட நம்பத்தக்கது. பிறகு வெஸ்டர்ன் பிளாட் சோதனை: செல்களின் புரதங்களை ஜெல்லில் எடைவாரியாகப் பிரித்து, ஆன்டிபாடி எதைப் பிடிக்கிறது என்பதைப் பட்டையாகக் காணும் முறை. எம்சிஎஃப்-7 மார்பகப் புற்றுச் செல்களில் ராப்25 உண்டு; எம்டிஏ-எம்பி-231 மார்பகப் புற்றுச் செல்களிலும் ஏ2780 சினைப்பைப் புற்றுச் செல்களிலும் அது ஏறக்குறைய இல்லை. மூன்றையும் ஒரே ஜெல்லில் ஓட்டுங்கள். முதல் பாதையில் ஏறக்குறைய 24 கிலோடால்டன் எடையில் தெளிவான பட்டை, மற்ற இரண்டிலும் வெறுமை என்றால் நல்ல தொடக்கம். மூன்று பாதைகளிலும் பட்டை வந்தால் ராப்11-ஐப் பிடிக்கிறது என்று ஐயப்படுங்கள். அதன்பின் எம்சிஎஃப்-7-இல் ராப்25-ஐச் சிறு ஆர்.என்.ஏ. கொண்டோ கிரிஸ்பர் என்ற மரபணு வெட்டும் முறையிலோ நீக்கி, பட்டை மறைகிறதா என்று பாருங்கள்; ஏ2780-இல் ராப்11ஏ-வை மட்டும் மிகையாக உருவாக்கி, பட்டை தோன்றாமல் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

வெஸ்டர்ன் பிளாட்டில் தேர்ந்த ஆன்டிபாடி ஃபார்மலினில் பதப்படுத்திய திசுவிலும் தேறும் என்று கொள்ள முடியாது. ஆகவே அதே செல்களை உருண்டையாகத் திரட்டி, ஃபார்மலினில் இட்டு, பாரஃபின் கட்டியாக்கி, நான்கு மைக்ரோமீட்டர் சீவல்களாக வெட்டி, திசுவுக்குச் செய்யும் அதே முறையில் சாயமேற்றுங்கள். நலமான பெருங்குடல் துண்டு ஒன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அதில் விடை தானாகவே எழுதியிருக்கும். மேற்பரப்பு நோக்கிய எபிதீலிய செல்களில் பழுப்புச் சாயம் ஏற வேண்டும். அவற்றின் அடியிலுள்ள நார்த்திசுவும் நிணநீர்ச் செல் திரளும் நீலமாகவே நிற்க வேண்டும். ஒவ்வொரு தொகுதிச் சாயமேற்றத்திலும் இந்தத் துண்டு உடனிருக்கட்டும். அது சரியில்லாத நாளில் அந்தத் தொகுதி முழுவதையும் விலக்கிவிடுங்கள். பழைய பாரஃபின் கட்டிகளில் ஃபார்மலினில் ஊறிய நேரம் ஒன்றுக்கொன்று வேறுபடும் என்பதால், மருத்துவமனைப் பதிவிலிருந்து சேமித்த ஆண்டைக் குறித்துவைத்து, ஆண்டுக்கும் சாயச் செறிவுக்கும் தொடர்பு இருக்கிறதா என்று பின்னர் சரிபாருங்கள். நோயாளியின் திசுவைத் தொடும் எந்த வேலைக்கும் நிறுவன நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் முன்கூட்டியே தேவை என்பதைச் சொல்லவே வேண்டியதில்லை. ஆனால் அதற்கு மாதங்கள் ஆகலாம் என்பதால், முதல் படியைத் தொடங்கும் நாளிலேயே விண்ணப்பத்தை எழுதத் தொடங்குங்கள்.

ஐந்தாம் படி: மதிப்பெண் இடும் முறையை முன்கூட்டியே தீர்மானியுங்கள்

பரவலாகப் பயன்படும் ஹெச்-ஸ்கோர் முறையில், சாயம் ஏறாத செல்லுக்கு 0, மெலிதாக ஏறியதற்கு 1, நடுத்தரத்துக்கு 2, அடர்த்திக்கு 3 என்று வைத்து, ஒவ்வொரு நிலையிலும் உள்ள செல்களின் சதவீதத்தால் பெருக்கிக் கூட்டுகிறோம். ஒரு கட்டியில் 20 சதவீதச் செல்கள் அடர்த்தியாகவும் 50 சதவீதம் நடுத்தரமாகவும் 10 சதவீதம் மெலிதாகவும் சாயம் பிடித்தால், 60, 100, 10 ஆகியவற்றைக் கூட்ட 170 கிடைக்கிறது. உச்ச மதிப்பு 300. எண்ணுவது புற்றுச் செல்களை மட்டுமே என்பதால், மூன்றாம் படியில் சொன்ன நார்த்திசுக் கலப்புச் சிக்கல் இங்கே பெருமளவு நீங்குகிறது. இரண்டு பேர், அவர்களில் ஒருவராவது நோய்க்கூறியல் மருத்துவர், நோயாளியின் முடிவு தெரியாமல் தனித்தனியே மதிப்பிட வேண்டும்.

ஆனால் போக்குவரத்துப் புரதத்துக்கு அளவு மட்டும் போதாது என்பது என் உறுதியான கருத்து. ராப்25 வேலை செய்வது குறிப்பிட்ட இடத்தில் இருப்பதன் மூலம். ஒழுங்கான எபிதீலிய செல்லில் அது மேற்பக்கத்தை ஒட்டித் திரண்டிருக்கிறது; ஒழுங்கு கெட்ட புற்றுச் செல்லில் அது செல் முழுவதும் சிதறியிருக்கலாம். இரண்டு கட்டிகளும் 170 என்ற ஒரே மதிப்பெண் பெறலாம். ஒன்றில் புரதம் தன் இடத்தில் இருக்கிறது, மற்றொன்றில் இல்லை. ஆகவே ஹெச்-ஸ்கோருக்கு அடுத்த பத்தியில் அமைவிடத்தையும், மேற்பக்கத் திரட்சி, சிதறல், கலப்பு என்ற மூன்றில் ஒன்றாக, குறித்துக்கொள்ளுங்கள். கூடுதல் உழைப்பு மிகக் குறைவு. இழந்துவிட்டால் மறுபடியும் அத்தனை ஸ்லைடுகளையும் பார்க்க வேண்டும்.

ஆறாம் படி: உயிர்வாழ்வுப் பகுப்பாய்வு

மதிப்பெண்கள் கைக்கு வந்ததும், நோயாளிகளை 'அதிகம்', 'குறைவு' என்று இரண்டாகப் பிரித்து கப்லான்-மையர் வரைபடம் (காலம் செல்லச் செல்ல எத்தனை பேர் உயிரோடிருக்கிறார்கள் என்று காட்டுவது) போட எவருக்கும் கை பரபரக்கும். எங்கே பிரிப்பது என்பதுதான் கேள்வி. பல இணையக் கருவிகளில் மிகச் சிறந்த வெட்டுப்புள்ளியைத் தானே தேடித்தரும் வசதி இருக்கிறது. அதை அழுத்தினால், கருவி எல்லாப் புள்ளிகளிலும் வெட்டிப் பார்த்து, வேறுபாடு மிகுந்து தெரியும் ஒன்றைத் தேர்ந்து, அதன் பி-மதிப்பை (உண்மையில் வேறுபாடே இல்லாதபோதும் இப்படியொரு வேறுபாடு தற்செயலாகத் தோன்றும் வாய்ப்பை) திருத்தம் செய்யாமல் காட்டிவிடக்கூடும். அவ்வாறு கிடைத்த 0.03 என்ற எண்ணுக்கு 0.03-இன் பொருள் கிடையாது. தற்செயலாகவே அத்தகைய எண் கிடைக்கும் வாய்ப்பு பல மடங்கு கூடிவிட்டது. மதிப்பெண்ணைத் தொடர் எண்ணாகவே காக்ஸ் மாதிரி என்ற உயிர்வாழ்வுக் கணக்கீட்டில் இடுவது நல்லது. பிரித்தே ஆக வேண்டுமென்றால் இடைநிலை எண் போன்ற ஒன்றைத் தரவைப் பார்ப்பதற்கு முன்பே எழுதிவைத்துவிட்டு, அதிலிருந்து நகராதீர்கள்.

அடுத்து, நோய்ப்போக்கை ஏற்கெனவே தீர்மானிக்கும் காரணிகளோடு சேர்த்துப் பாருங்கள். சினைப்பைப் புற்றுநோயில் நோயின் நிலை, திசு வகை, அறுவைக்குப் பின் எஞ்சிய கட்டியின் அளவு, வயது ஆகியவை இல்லாத மாதிரியை எந்த மருத்துவரும் ஏற்கமாட்டார். மார்பகப் புற்றுநோயில் உள்வகை இன்றியமையாதது: ஹார்மோன் ஏற்பி உள்ள லூமினல் வகைகளில் ராப்25 உயர்ந்தும், ஹார்மோன் ஏற்பிகளும் ஹெர்2 மிகைப்பும் இல்லாத மும்மறை வகையில், குறிப்பாக கிளாடின் என்ற செல் இணைப்புப் புரதம் குறைந்த கட்டிகளில், தாழ்ந்தும் இருப்பது தெரிய வந்துள்ளது. எல்லா வகைகளையும் ஒன்றாகக் கொட்டிப் பகுத்தால் கிடைப்பது ராப்25-இன் விளைவா, உள்வகைகளின் விளைவா என்று பிரித்தறிய முடியாது. எத்தனை காரணிகளைச் சேர்க்கலாம் என்பதை நோயாளிகளின் எண்ணிக்கை தீர்மானிப்பதில்லை. நிகழ்ந்த இறப்புகளின் எண்ணிக்கைதான் தீர்மானிக்கிறது. காரணி ஒன்றுக்குப் பத்து நிகழ்வுகளாவது வேண்டும் என்பது பரவலான தோராய விதி. 100 நோயாளிகளில் 30 பேர் இறந்திருந்தால் மூன்று காரணிகளுக்கு மேல் தாங்காது.

மார்பகப் புற்றுநோய்த் தரவோடு வேலை செய்பவர்கள் மனத்தில் வைத்திருக்க வேண்டிய ஒன்று: தற்செயலாகப் பொறுக்கி எடுத்த மரபணுத் தொகுப்புகளில் பெரும்பாலானவைகூட அந்நோயின் உயிர்வாழ்வோடு 'குறிப்பிடத்தக்க' தொடர்பு காட்டுகின்றன என்று 2011-இல் ஓர் ஆய்வு நிறுவியது, செல் பெருக்கத்தோடு அத்தனை மரபணுக்கள் பின்னிக் கிடக்கின்றன. ஆகவே உங்கள் பி-மதிப்பை வெறுமையோடு ஒப்பிடாமல், தற்செயலாக எடுத்த ஆயிரம் மரபணுக்களின் பி-மதிப்புகளோடு ஒப்பிடுங்கள். ராப்25 அந்த வரிசையில் எங்கே நிற்கிறது என்பது நேர்மையான விடை.

ஏழாம் படி: செல் ஆய்வுகள்

தொடர்பு காட்டிய பின் காரணம் காட்ட வேண்டும். ராப்25 இல்லாத ஏ2780 செல்களில் அதைச் சேர்ப்பதும், அது இருக்கும் செல்களிலிருந்து நீக்குவதும் வழக்கமான இரு வழிகள், இரண்டையும் செய்யுங்கள். ஊடுருவலைத் தட்டையான தட்டில் சோதிக்காமல், ஃபைப்ரோனெக்டின் கலந்த முப்பரிமாண ஊடகத்தில் சோதியுங்கள். ராப்25-இன் விளைவு இன்டெக்ரின் வழியாக வருவதால், ஃபைப்ரோனெக்டின் இல்லாத இடத்தில் அது தெரியாமலே போகலாம். ஒவ்வொரு செல் வகையிலும் கிளிக்3 இருக்கிறதா என்று முதலில் பார்த்துக் குறித்துவிடுங்கள். பெருங்குடல் பக்கத்தில் பணிபுரிவோர்க்கு 2010-ஆம் ஆண்டின் எலி ஆய்வு நல்ல முன்மாதிரி: ராப்25 இல்லாத எலிகள் வெளிப்படையான நோயின்றியே வாழ்ந்தன; ஆனால் குடல் கட்டிகளைத் தடுக்கும் ஏபிசி என்ற மரபணுவில் குறைபாடுள்ள எலிகளில் ராப்25-ஐயும் நீக்கியபோது குடல் பாலிப்கள் நான்கு மடங்கும் பெருங்குடல் கட்டிகள் இரு மடங்கும் ஆயின. இழப்பு மட்டுமே கட்டியை உருவாக்கவில்லை, வேறொரு குறைபாடு முன்னரே இருந்தபோது அதை விரைவுபடுத்தியது. செல்களின் அடையாளத்தையும் மைக்கோபிளாஸ்மா என்ற பாக்டீரியத் தொற்றின்மையையும் தொடக்கத்திலேயே உறுதிசெய்வது எல்லா ஆய்வகத்துக்கும் பொதுவான விதி.

எட்டாம் படி: வெளித்தொகுதியில் சரிபார்த்து எழுதுதல்

முதல் தொகுதி நோயாளிகளில் கண்டதை, வேறொரு மருத்துவமனையின் நோயாளிகளில், அதே ஆன்டிபாடி, அதே நீர்ப்பு, அதே வெட்டுப்புள்ளி கொண்டு, ஒரு எண்ணைக்கூட மாற்றாமல் மறுபடியும் பார்க்க வேண்டும். உள்ளிருக்கும் தொகுதியையே இரண்டாகப் பிரித்துச் சரிபார்ப்பது இதற்கு ஈடாகாது. சேகரித்த முறையின் குறைகள் இரு பாதிகளிலும் ஒன்றாகவே இருக்கும். கூட்டாளி மருத்துவமனை கிடைக்கும் முன்பே ஆய்வுத் திட்டத்தை முடித்துப் பதிவுசெய்துவிடுவது நல்லது.

எழுதும்போது, 2005-இல் வெளியான ரிமார்க் நெறிமுறைப் பட்டியலை அருகில் வைத்துக்கொள்ளுங்கள். கட்டி சார்ந்த நோய்ப்போக்கு பயோமார்க்கர் ஆய்வுகளை எப்படி அறிவிக்க வேண்டும் என்பதற்காகவே அது உருவாக்கப்பட்டது. எத்தனை நோயாளிகளின் திசு கிடைத்தது, எத்தனை விலக்கப்பட்டன, ஏன், வெட்டுப்புள்ளி எப்போது தீர்மானிக்கப்பட்டது என்ற விவரங்களை அது கேட்கிறது. ஆன்டிபாடியின் தயாரிப்பு எண்ணையும் தொகுதி எண்ணையும் குறிப்பிடுங்கள்; நான்காம் படியின் மூன்று பாதை வெஸ்டர்ன் பிளாட்டை வெட்டாமல் முழுப்படமாக இணைப்பில் தாருங்கள். தலைப்பில் 'புற்றுநோயின் பயோமார்க்கர்' என்று பொதுவாக எழுதாமல், 'மூன்றாம், நான்காம் நிலை சீரஸ் சினைப்பைப் புற்றுநோயில் ராப்25 புரத அளவும் உயிர்வாழ்வும்' என்பதுபோல் திசுவையும் அளவீட்டையும் கேள்வியையும் சேர்த்தே எழுதுங்கள். வெளித்தொகுதியில் தொடர்பு காணப்படாவிட்டால் அந்த முடிவையும் அதே விவரங்களோடு வெளியிடுங்கள். ராப்25 எந்தத் திசுவில் எத்திசையில் பொருள்படுகிறது என்ற வரைபடத்தில் இன்று நிரப்பப்படாமல் இருக்கும் கட்டங்களில் பல, வெளியிடப்படாமல் இழுப்பறைகளில் கிடக்கும் அத்தகைய முடிவுகளால்தான் நிரம்ப வேண்டியிருக்கிறது.